தாகத்துக்குப் பாங்கு எப்போது?

டயாலிசிஸ் அறைக்கு வெளியே, நடைவழியில் ஓர் எடை இயந்திரம் இருக்கிறது. உள்ளே போகிற நோயாளி ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி நிற்க வேண்டும். நர்ஸ் எண்ணைப் படிப்பார். சத்தமாகத்தான் படிப்பார். துணைக்கு வந்து வரிசையாக உட்கார்ந்திருக்கும் நாங்கள் அத்தனை பேரும் தலையை நிமிர்த்திப் பார்ப்போம். வகுப்பில் மார்க் வாசிக்கிற மாதிரி இருக்கும். இங்கே மார்க் கூடினால் தோல்வி.

டயாலிசிஸ் (பழுதான சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் வைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்வது, உடம்பில் தேங்கிய நீரையும் எடுப்பது) செய்துகொள்பவர்களில் பலருக்குச் சிறுநீர் போவது நின்றுவிடும். குடித்த தண்ணீருக்கு வெளியே போக வழி இல்லை. அது காலில் தேங்கும், முகத்தில் தேங்கும், கடைசியில் நுரையீரலுக்கு வரும். இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் கூடும் எடை முழுக்கக் குடித்த தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

என் கணவர் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு அதில் ஏறுவார். இறங்கும்போது என்னைப் பார்க்க மாட்டார்.

அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுப்பவள். ஆறுதல் தேடிப் படிக்கிறவர்கள் பாதியிலேயே ஏமாந்துபோகலாம். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் தெரிந்த அறிகுறி கைக்கடிகாரம். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்தவர் அதைக் கழற்றி வைத்தார். பட்டை இருந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகும் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. பட்டையைத் தளர்த்திப் போடச் சொன்னேன். ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுக்கொண்டார். சில வாரம் கழித்து இன்னொரு ஓட்டை. உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தபோது நாங்கள் கடிகாரப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தோம்.

அவர் பல வருடம் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர். ஒரே மகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு ஊர் திரும்பி, காரைக்கால் கடைத்தெருவில் சின்னதாக ஒரு பாத்திரக் கடை வைத்தார். இரத்த அழுத்தம் அங்கேயே வந்திருக்கிறது. மாத்திரையை நினைத்தால் போடுவார். பிறகு கண் வீங்கியது, வாந்தி வந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, வீட்டில் வேறு யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

கையில் ஃபிஸ்துலா (ஊசி குத்த வசதியாகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் சிறு அறுவை) போட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் என்று முடிவாயிற்று. உப்பைக் குறைக்க வேண்டும், கருவாட்டை மறந்துவிட வேண்டும், பழத்தில் இன்னின்னது கூடாது என்று பட்டியல் நீண்டது. எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தண்ணீருக்கு வந்தார் டாக்டர். ஒரு நாளைக்கு அரை லிட்டர். டீ, ரசம், கஞ்சி, மாத்திரை விழுங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம்.

இவர் சிரித்துவிட்டார். "இவ்வளவுதானா டாக்டர்? நாங்க நோன்பு வைக்கிற ஆளுங்க. முப்பது நாளும் பகல்ல சொட்டுத் தண்ணி தொட மாட்டோம்."

டாக்டரும் சிரித்தார், நானும் சிரித்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஷார்ஜா வெயிலில், நோன்போடு லாரியிலிருந்து பெட்டி இறக்கியவர் இவர். எச்சிலைக்கூட யோசித்து விழுங்குவார். அப்பேர்ப்பட்ட மன உறுதி கைவசம் இருக்கும்போது அரை லிட்டர் எந்த மூலைக்கு என்று நினைத்தோம். நாங்கள் செய்த தவறு அதுதான். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தவறு செய்யத் தோன்றியிருக்காது.

முதல் சில வாரம் ஒழுங்காகப் போயிற்று. கடையிலிருந்து ஒரு சின்னச் சொம்பு எடுத்து வந்து, காலையில் நிரப்பி வைத்தால் இரவு வரைக்கும் ஓடியது. பிறகு சித்திரை வந்தது. பகலில் கடல்காற்று நின்றுவிட்டால் எங்கள் ஊரில் சுவர்கூட வியர்க்கும். தாகம் என்றால் தொண்டை வறள்வது என்று அதுவரை நினைத்திருந்தேன். இவருக்கு வந்த தாகம் வேறு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சே குழறும். அரசலாற்றில் முகம் வைத்துக் குடிப்பதாகக் கனவு வந்தது என்பார். பக்கத்து வீட்டில் குழாய் திறந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்பார்.

எடை ஏறியது. நர்ஸ் எண்ணைப் படித்துவிட்டு என்னைப் பார்ப்பார், ஏதோ நான்தான் ஊற்றிக் கொடுத்த மாதிரி. ஒரே நாளில் அவ்வளவு நீரையும் உறிஞ்சி எடுப்பதால் இரத்த அழுத்தம் தடாலென்று இறங்கும். கெண்டைக்காலில் சதை பிடித்து இழுத்து, அந்த அமைதியான மனிதர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவார்.

சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதுதானே வழக்கம். கொடுத்தேன். அவர் கண்ணெதிரே மடக் மடக்கென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் வாயைக் கட்டக் கூடாதா என்று கேட்டார்கள். இவருடைய அக்கா, நாங்கள் லாத்தா என்று கூப்பிடுபவர், நோன்பை நினைவுபடுத்தாமல் ஒருநாளும் எழுந்து போனதில்லை. நோன்பு வைக்கத் தெரிந்தவனுக்கு இது தெரியாதா என்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் அதே எண்ணம் வந்துவிட்டது. மனசு வைத்தால் முடியும், இவர் மனசு வைக்கவில்லை.

நான் போலீஸ் ஆனேன். குளிர்சாதனப் பெட்டிக்குப் பூட்டு. தண்ணீர் கேனும் குடமும் சாமான் அறைக்குள். தாகமாக இருக்கிறது என்று கேட்டால், "இப்பத் தரேங்க" என்பேன். தர மாட்டேன். மறந்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. தாகத்தை யார் மறந்தார்கள்?

அவர் முன்னால் குடிக்க எனக்கு மனசு வரவில்லை. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று, தொண்டைச் சத்தம் வராமல், இரண்டு வாய் விழுங்கிவிட்டு உதட்டை முந்தானையில் ஒற்றிக்கொண்டு வருவேன். எனக்குச் சர்க்கரை உண்டு. தண்ணீர் குறைந்து நீர்க்கடுப்பு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இவ்வளவு காவலுக்குப் பிறகும் எடை ஏறியது. காற்றிலிருந்தா தண்ணீர் வருகிறது என்று டாக்டர் கேட்டார். சத்தியமாக வீட்டில் குடிப்பதில்லை என்றேன். அது உண்மையாகவே இருந்தது.

இந்தத் துயரத்துக்கு நடுவே எனக்கு ஒரே ஒரு சந்தோஷம் இருந்தது. இவர் ஐவேளையும் பள்ளிவாசலுக்குப் போக ஆரம்பித்திருந்தார். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைத் தொழுகையோடு சரி, மீதியைக் கடையிலேயே முடித்துக்கொள்வார். இப்போது பாங்கு (தொழுகைக்கு அழைக்கும் குரல்) சொல்வதற்கு முன்பே தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கால் வீங்கியிருந்தாலும் போவார். நோய் வந்தாலும் ஈமான் (இறை நம்பிக்கை) கூடியிருக்கிறது பார் என்று லாத்தா கண் கலங்கினார். நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ முடிந்து வந்தவர் சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் எழுந்து உட்கார்ந்தார். படுக்க முடியவில்லை. மூச்சு இழுத்தது. நெஞ்சுக்குள் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். இருமியபோது வாயோரம் ரோஸ் நிறத்தில் நுரை வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து வந்தார். போகிற வழி முழுக்க இவர் என் கையைப் பிடித்திருந்தார். நான் கலிமாவை (உயிர் பிரியும் நேரத்தில் சொல்லிக்கொடுக்கும் நம்பிக்கை வாசகம்) அவர் காதில் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது.

நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். ஆக்சிஜன் வைத்து, அவசரமாக டயாலிசிஸ் செய்து காப்பாற்றினார்கள். இதயம் ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கிறது, இப்படி இன்னொரு தடவை வந்தால் எங்களால் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மறுநாள் கண் விழித்தவர் தானாகவே சொன்னார். "ஜெமிலா, நான் பள்ளியிலதான் குடிக்கிறேன்."

ஒலு (தொழுகைக்கு முன் கை, வாய், முகம், கால் கழுவுவது) செய்யும்போது மூன்று தடவை வாய் கொப்பளிக்க வேண்டும். நோன்பு நாளில் அந்தத் தண்ணீரில் ஒரு துளி உள்ளே இறங்கிவிடக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்த மனிதர், இப்போது ஒவ்வொரு வாயையும் விழுங்கியிருக்கிறார். மூன்று ஆறாகியிருக்கிறது. குழாய்க்கு அடியில் கையைக் குவித்துக் குடிப்பவரை யாரும் சந்தேகப்படவில்லை. ஒலு செய்கிறவரை யார் உற்றுப் பார்ப்பார்கள்? அதற்காகத்தான் ஐவேளை. அதற்காகத்தான் பாங்குக்கு முன்னாலேயே ஓட்டம்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அந்தச் சந்தோஷம் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், அதுவும் பொய் என்றால்? "அல்லாஹ் வூட்டுல போயா திருடுனீங்க?" என்று கேட்டுவிட்டேன். ஆக்சிஜன் குழாயோடு அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு பள்ளிக்குப் போவது நின்றது. குடிப்பது நிற்கவில்லை. ஒருநாள் காலை என் கண்ணெதிரே சொம்பை எடுத்து, அன்றைக்கு உண்டான அவ்வளவையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு சொம்பு மொண்டார். நான் தடுக்கவில்லை. தடுக்கிற தெம்பு என்னிடம் இல்லை. "நான் இப்படிப்பட்டவன்னு ஆயிப்போச்சுல்ல. இனிமே கட்டுப்பாடு எதுக்கு?" என்றார். அன்று சாமான் அறையில் குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். இந்த மனுசன் மௌத்தாகிவிட்டால் (இறந்துவிட்டால்) நிம்மதி என்று ஒரு நொடி நினைத்தேன். நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் உங்களில் யாருக்காவது இந்த எண்ணம் வந்திருந்தால், உங்களுக்கு மட்டும் வந்ததில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

அந்த மருத்துவமனைக்கு வாரத்தில் ஒருநாள் மனநல ஆலோசகர் ஒருவர் வருவார். பெயர் கவிதா. சுரக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிற பெண். டாக்டர் அனுப்பியதால் போனோம். இன்னொரு அறிவுரைக்காரி என்று நினைத்துத்தான் நான் உட்கார்ந்தேன். ஒலு என்றால் என்ன என்று அவர் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு அறிவுரை எதுவும் சொல்லாமல் இவரிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"நோன்பு அன்னிக்கு உங்களால எப்படிங்க முடியுது? எனக்கு நெசமாவே தெரியலை, சொல்லுங்களேன்."

 அன்று ஊரே நோன்பு என்றார் இவர். வீட்டில் பகலில் அடுப்பு எரியாது. யாரும் தண்ணீர் நீட்ட மாட்டார்கள். கொஞ்சம் குடிக்கலாமா, இன்னும் கொஞ்சம் குடிக்கலாமா என்கிற கணக்கே கிடையாது. 

"அதோட, மஃரிபுக்குப் பாங்கு சொல்லிருவாங்கல்ல. எவ்வளவு காஞ்சாலும் பாங்கு வந்துரும். இதுக்கு எப்பங்க பாங்கு?"

 நான் குனிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் இத்தனை மாதமாக நடந்தது என்ன என்று அந்த ஒரு கேள்வியில் எனக்குப் புரிந்தது. நாங்கள் அவரை மஃரிபே (நோன்பு திறக்கும் அந்தி நேரம்) வராத ஒரு நோன்பில் உட்காரவைத்துவிட்டு, ஏன் திறந்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்தடுத்த வாரங்களில் கவிதா சொன்னவற்றை என் மொழியில் தருகிறேன். மனக்கட்டுப்பாடு என்பது சிலரிடம் கூடவும் சிலரிடம் குறையவும் இருக்கிற ஒரு பலம் என்றுதான் நெடுநாள் நினைத்தார்களாம். ஆனால் கட்டுப்பாடு மிக்கவர்கள் என்று பெயர் வாங்கியவர்களை ஆராய்ச்சியாளர்கள் கூர்ந்து கவனித்தபோது, அவர்கள் ஆசையோடு மல்லுக்கு நிற்பதே குறைவு என்று தெரிந்ததாம். ஆசை வரும் இடத்தை முன்கூட்டியே தவிர்த்துவிடுகிறார்கள், அல்லது இன்ன நேரத்தில் இன்னது என்று பழகிவிடுகிறார்கள். இவருடைய நோன்பும் அப்படித்தான். பாதி பலம் இவருடையது, பாதி ஊருடையது. அந்தப் பாதியை எடுத்துவிட்டு மீதியை வைத்து ஓட்டச் சொன்னோம்.

ஒரு தடவை தவறிய பிறகு எல்லாவற்றையும் தூக்கி எறிவதும் அவர்களுக்குத் தெரிந்த விஷயமாம். தவறியதைவிட, நான் கேடுகெட்டவன் என்கிற முடிவுதான் ஆளைக் கவிழ்க்கிறது. அவமானப்படுத்தினால் திருந்துவார் என்று நினைப்போம். அவமானம் ஆளை இன்னும் மறைவான இடமாகத் தேட வைக்கிறது.

குழந்தை முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, காத்திருந்தால் இரண்டு தருவதாகச் சொல்லிப் பார்க்கிற சோதனையை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். காத்திருக்கிற குழந்தை கெட்டி என்றுதான் நானும் டியூஷன் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். பின்னால் சிலர் அதையே வேறு மாதிரி செய்து பார்த்தார்களாம். முன்பே ஒரு தடவை வாக்குத் தவறிய பெரியவர் சொன்னால் பெரும்பாலான குழந்தைகள் காத்திருக்கவில்லை. காத்திருக்க ஏன் வேண்டும்? இதைச் சொல்லும்போது கவிதா என்னைப் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு என்னுடைய "இப்பத் தரேங்க" காதில் விழுந்தது.

ஏற்பாட்டை அங்கே உட்கார்ந்து மூவருமாகச் சேர்ந்து செய்தோம். பாங்குதான் வேண்டும் என்றால் பாங்கையே வைத்துக்கொள்வது. ஊரில் ஐந்து வேளை பாங்கு கேட்கிறது. ஒவ்வொரு பாங்கு முடிந்ததும் ஒரு சின்னக் கண்ணாடி டம்ளர், சுலைமானி (பால் சேர்க்காத டீ) குடிக்கிற அளவு. கடையிலிருந்து அவரே தேர்ந்தெடுத்து எடுத்து வந்தார். பாங்குக்கு முன்னால் கேட்டாலும் கிடையாது. பாங்கு சொன்னால் கேட்காமலே வரும். எண்ணெய்ச் சட்டியில் வடை வெந்துகொண்டிருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டுக் கொண்டுவந்து கொடுப்பது என் வேலை.

ஒலு விஷயத்தைப் பள்ளியின் ஹஜ்ரத்திடம் (தொழுகை நடத்துபவர்) போனில் கேட்டோம். வாய் கொப்பளிப்பது சுன்னத்து (செய்தால் நன்மை), பர்ளு (கட்டாயம்) இல்லை, உயிருக்கு ஆபத்து என்றால் விட்டுவிடலாம் என்று உடனே சொல்லிவிட்டார். இவ்வளவு எளிதான ஒன்றைக் கேட்க எங்களுக்கு வாய் வந்திருக்கவில்லை.

இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லி வைக்க வேண்டும் என்றார் கவிதா. எங்களுக்குப் பெரிய தொல்லை, போகிற வீடுகளில் நீட்டுகிற தண்ணீர். மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள். அதனால், தண்ணீர் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு விரலை நனைத்து உதட்டில் தடவிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் என்னிடம் தந்துவிடுவேன் என்று சொல்லிச் சொல்லிப் பழகினார். இப்படியாக நான் ஊர் வீடுகளில் அவருடைய பங்கையும் சேர்த்துக் குடித்தேன். லாத்தா வீட்டில் இதைப் பார்த்துவிட்டு, புதுமாப்பிள்ளை மாதிரி பாதி பொண்டாட்டிக்கா என்று சீண்டினார். வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் இவர் சிரித்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். சரியாகவில்லை. ஒரு கல்யாண வீட்டில் சர்பத்தை மூன்று தடவை வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். அவராகச் சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதும் ஏற்பாட்டில் இருந்தது. அடுத்த பாங்குக்கு வழக்கம்போல் டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தேன். எடை கூடுவது குறைந்தது. நர்ஸ் எண்ணைப் படித்துவிட்டு அவரைப் பார்த்துத் தலையாட்டினார். இறங்கும்போது அவர் என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். இதயம் பெரிதாகித் தளர்ந்துவிட்டது. பழைய மாதங்கள் செய்த வேலை. இனி எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்போம் என்றார் டாக்டர். சர்க்கரை இருப்பதால் என் சிறுநீரகம் ஆகாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். மகள் தன்னுடையதைத் தருகிறேன் என்று போனில் அழுதாள், இவர் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது இதயம் இருக்கும் நிலையில் அந்தப் பேச்சுக்கும் இடமில்லை.

ஆட்டோவில் வரும்போது, "நல்ல புள்ளையா மாறினேன் பாரு, அதுக்குப் பரிசு" என்றார்.  வீட்டுக்கு வந்ததும் லுஹர் (நண்பகல் தொழுகை) பாங்கு கேட்டது. இனி இந்தக் கணக்கெல்லாம் எதற்கு, வயிறு நிறையக் கொடுத்துவிடுவோம் என்று தோன்றியது.  சின்ன டம்ளரைத்தான் எடுத்தேன். அவரும் அதைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்.

எங்களுக்கு இப்போது நாள் என்பது ஐந்து சின்ன டம்ளர். கடிகாரத்தை அவர் கட்டுவதே இல்லை, கை இடம் கொடுக்கவில்லை. நேரம் எனக்குத் தொண்டையில் தெரிகிறது. பாங்கு நெருங்க நெருங்க என் வாயும் காய்கிறது. அஸருக்கு (பிற்பகல் தொழுகை) எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அவர் கேட்டால் உள்ளதைச் சொல்கிறேன். இப்ப வந்துரும் என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கடலில் புயல் சின்னம், இரண்டு நாளாக விடாத அடைமழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மின்சாரம் இல்லை. டயாலிசிஸ் நாளன்று ஆட்டோ எதுவும் வரவில்லை. மருத்துவமனைக்குப் போன் செய்தால், ஆட்கள் வர முடியவில்லை, நாளைக்குப் பார்க்கலாம், அதுவரைக்கும் தண்ணீரைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர் காலை அழுத்திப் பார்த்தேன். விரல் பதிந்த பள்ளம் நிறையவில்லை.

நண்பகல் தாண்டியது. கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாசற்படி முழுகிவிட்டது. அவர் தலையணைகளை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. சின்ன டம்ளரில் பாதி ஊற்றிக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

நேரம் ஆகிவிட்டது, குடியுங்கள் என்றேன்.

"பாங்கு கேக்கலையே" என்றார்.

மழைச் சத்தத்தில் கேட்காது, மின்சாரமும் இல்லை, சொல்லி முடித்திருப்பார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். உதடு வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் தண்ணீர். அரை வாய்த் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். பள்ளிக் குழாயில் திருடிக் குடித்த அதே ஆள். எனக்குத் தாங்கவில்லை. குடிங்களேங்க என்று கெஞ்சினேன்.

டம்ளரை என்னிடம் கொடுத்தார். இரண்டு கையையும் காதுக்குக் கொண்டுபோனார். உட்கார்ந்தபடியே பாங்கு சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு நின்றது. நின்று, இழுத்து, மறுபடி சொன்னார். நான் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, டம்ளர் சிந்தாமல் பிடித்தபடி நின்றேன். முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை.

பிறகு டம்ளரை வாங்கி, மூன்று தடவையாகப் பிரித்து, குடித்தார்.

"நீ இன்னும் குடிக்கல" என்றார்.

"அப்புறம் குடிக்கிறேங்க."

"அடுக்களைக் கதவுக்குப் பின்னால போயி குடிப்ப. எனக்கு எப்பவோ தெரியும் ஜெமிலா. இன்னிக்கு இங்க குடி. முழுசா குடி. நான் பாக்கணும்."

பெரிய டம்ளர் நிறைய மொண்டு வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து குடித்தேன். தொண்டைச் சத்தத்தை மறைக்கவில்லை. மறைக்கவும் முடியவில்லை, அழுகையும் கூடவே இறங்கியது. அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க" என்றேன்.

என் டம்ளரை வாங்கித் தன்னுடையதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். மழை விடவில்லை. அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது.